மண்ணுள் மறைந்த பொருளும் ஊரார் கடமையும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே அமைந்துள்ள திருவானைக்காவல், பஞ்சபூதத் தலங்களுள் நீர்த்தலம் என்பதை நாம் அறிவோம். அவ்வாலயத்தில் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பிரசன்ன விநாயகர் சந்நிதிக்கு அருகே மண்ணைத் தோண்டியபொழுது, ஏறத்தாழ ஏழடி ஆழத்தில் ஓர் உலோகக் கலம் தென்பட்டது. அதனுள் 505 பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் 504 சிறியவை, ஒன்று பெரியது. மொத்த எடை 1.716 கிலோகிராம். காசுகள் எண்ணப்பட்டு, எடையிடப்பட்டு, அரசாங்க அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன.

இத்தகைய நிகழ்ச்சி எந்தக் கிராமத்திலும் நேரக்கூடும். கிணறு வெட்டும்பொழுதும், ஏரியைத் தூர்வாரும்பொழுதும், பாழ்மனைகளை உழவுக்குத் திருத்தும்பொழுதும் பழம்பொருள்கள் வெளிப்படுவதுண்டு. அப்பொழுது செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உழவர்களும் முன்னரே தெரிந்துகொள்ளுதல் நலம்.

பாழ்மனைகளில் பொருள் இருப்பது ஏன்?

பாங்கிகள் இல்லாத காலத்தில் நிலமே மக்களின் பெட்டகமாக இருந்தது. போர், கொள்ளை, பஞ்சம் ஆகியவற்றுக்கு அஞ்சியோர் தம் பொருளைக் கலத்திலிட்டுப் புதைத்தனர். மீண்டு வராதவர்களின் பொருள் மண்ணிலேயே தங்கிவிட்டது. ஊர் இடம்பெயர்ந்த பின்னர் அவ்விடம் நத்தமேடு என்றும், பாழ்நத்தம் என்றும் பெயர் பெற்றது. ஆயினும், பாழ்மனை தோறும் பொன் உண்டு என்று எண்ணுதல் பேதைமை. அங்கே பெரும்பாலும் கிடைப்பவை பானையோடு, மணி, செங்கல், துருவேறிய ஆணி ஆகியவையே.

கருவியும் அதன் எல்லையும்

உலோகங்காட்டும் கருவியைக் கொண்டு இம்மேடுகளில் தேடும் பழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. கருவியின் கம்பிச்சுருளில் மாறுமின்சாரம் பாய்கையில் காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டத்தை எழுப்ப, அதன் எதிர்விளைவைக் கருவி ஒலியாகக் காட்டுகிறது. கையிலேந்தும் சாதாரணக் கருவி, தனிக் காசு ஒன்றை ஓரடிக்குக் கீழே உணர்தல் அரிது. பொன்னுக்கும் சோடா மூடிக்கும் அது திட்டமாக வேற்றுமை காட்டுவதில்லை. ஆகவே, “கருவி ஒலித்தது, புதையல் உண்டு” என்று கூறி முன்பணம் கேட்போரையும், மந்திரத்தால் எடுத்துத் தருவதாகச் சொல்வோரையும் நம்பிக் கைப்பொருளை இழத்தல் ஆகாது.

மண்ணும் ஒரு சாட்சி

திருவானைக்காவல் காசுகளின் மொத்த எடையை எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு காசுக்குச் சராசரி 3.4 கிராம் வருகிறது. தென்னாட்டு வராகனின் எடையும் ஏறத்தாழ அதுவே. எனினும் எடை ஒன்றை மட்டும் கொண்டு காலத்தைத் துணிய இயலாது. காசிலுள்ள எழுத்து, அதை வைத்திருந்த கலம், கலம் கிடந்த மண்ணடுக்கு, உடன் கிடந்த ஓடு ஆகிய அனைத்தும் சேர்ந்தே வரலாற்றைக் கூறும். அவசரமாகத் தோண்டியெடுத்தால் காசு கைக்கு வரும், சாட்சி அழிந்துபோகும்.

இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்னும் கிராமத்தில் 1992-இல் ஓர் உழவர் தம் சுத்தியலைத் தொலைத்தார். அதைக் கருவியால் தேடிய நண்பருக்கு உரோமானியர் காலப் பொன்னும் வெள்ளியும் தென்பட்டன. அவர் முழுவதையும் தோண்டாமல் நிறுத்தி, உரியவர்களுக்கு அறிவித்தார். அதனால் சுமார் 15,000 காசுகளும் பிற பொருள்களும் பெட்டிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதை அறிஞர்கள் அறிய முடிந்தது. நம் நாட்டிலும் கீழடியில் தென்னந்தோப்பின் அடியிலிருந்தே பழைய ஊர் ஒன்று வெளிப்பட்டது. அங்கே அகழாய்வாளர்கள் தேடியது பொன்னையன்று, மக்கள் வாழ்ந்த முறையை.

சட்டம் கூறுவது

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர், அதன் தன்மை, அளவு அல்லது மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசாங்கக் கருவூலத்தில் செலுத்துதல் வேண்டும். அல்லது அதற்குப் பிணை கொடுத்தல் வேண்டும். பின்னர்க் கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோரை விசாரிப்பார்.

உரியவர் இல்லை என்று முடிவானால், கண்டவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் இடையே வேறு உடன்பாடு இல்லாதபொழுது, கண்டவருக்கு முக்காற்பங்கும் நிலத்துக்குரியவருக்குக் காற்பங்கும் சேரும். அரசாங்கம் பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோக மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கும். உதாரணமாக, மதிப்பு ரூ. 1,00,000 எனில் கொடுபடும் தொகை ரூ. 1,20,000. அதில் கண்டவருக்கு ரூ. 90,000, நிலத்துக்குரியவருக்கு ரூ. 30,000. மறைத்தவரோ தம் பங்கை இழப்பதுடன், ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுக்கும் ஆளாவார்.

“அறிவித்தால் நிலம் பறிபோய்விடும்” என்னும் அச்சமே பலரை மறைக்கத் தூண்டுகிறது. புதையல் சட்டம் பொருளைப் பற்றியதேயன்றி நிலத்தைப் பறிப்பதற்கன்று. மேலும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லையில் அனுமதியின்றித் தோண்டுதல் குற்றம். நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

1. பொருள் தென்பட்டவுடன் வேலையை நிறுத்தி, குழியை அப்படியே விட்டு, காவல் வைத்தல்.

2. காசைப் புளியிட்டோ சாம்பலிட்டோ துலக்காதிருத்தல். துலக்கினால் எழுத்துத் தேய்ந்துவிடும்.

3. கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் உடனே தெரிவித்தல். பலர் முன்னிலையில் எண்ணி, எழுதிக் கையொப்பம் பெறுதல்.

4. ஊரிலுள்ள நத்தமேடுகளின் சர்வே எண்களைப் பஞ்சாயத்தில் குறித்து வைத்து, அங்கே மண் அள்ளுவதைத் தடுத்தல்.

5. இச்சட்டத்தின் சாரத்தைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாம் கண்டு வியக்கும் செப்புத் திருமேனிகள் பலவும் இவ்வாறு புதையலாகக் கிடைத்து, முறையாக ஒப்படைக்கப்பட்டவையே. மண்வெட்டி பிடித்தவர் நேர்மையாக அறிவித்ததால் அவை இன்று எல்லோருக்கும் உரிய செல்வமாயின. நம் ஊரில் கிடைப்பதும் அவ்வாறே நாட்டுக்குப் பயன்படுமாறு காத்தல் பஞ்சாயத்தின் கடமையாகும்.