எரிமலைக் குழம்பு கடலில் விழுந்தால்?

கேள்வி: எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் ஜெராய் மலை தெரியும். அது பழைய எரிமலை என்கிறார்கள், உண்மையா? எரிமலைக் குழம்பு கடலில் கலந்தால் என்ன ஆகும்?
– வாசகர், பீடோங், கெடா

பதில்: ஜெராய் எரிமலை இல்லை. அங்குள்ள கிரானைட் பூமிக்குள்ளேயே மிக மெதுவாக ஆறி இறுகிய பாறை. அதனால்தான் அதன் படிகங்கள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன.

நீங்கள் கேட்ட காட்சி நம் அந்தமான் கடலிலேயே நடந்திருக்கிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் உள்ள பேரன் தீவு, நூறாண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்துவிட்டு 1991-இல் வெடித்தது. குழம்பு வழிந்து கடல்வரை வந்தது.

சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் குழம்பு நீரைத் தொட்டதும், அதன் மேற்பரப்பு படிகமாக நேரமில்லாமல் கண்ணாடியாக உறைகிறது. பிறகு அது நொறுங்கிக் கருமணலாகிறது. நீர் குழம்புக்குள் சிக்கினால் நொடியில் ஆவியாகி, பாறைத் துண்டுகளை வெடித்துத் தூக்கியெறியும். 2018 ஜூலையில் ஹவாயில் இப்படிப் பறந்த கற்கள் ஒரு சுற்றுலாப் படகில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

மேலே எழும் வெண்புகை வெறும் நீராவி என்று நினைத்துவிடாதீர்கள். கடலுப்பில் உள்ள குளோரைடால் உருவாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய கண்ணாடித் தூளும் அதில் கலந்திருக்கும். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து.

ஆழ்கடலில் நிலைமை வேறு. அங்கே நீரின் அழுத்தம் வெடிப்பை அடக்கிவிடும். குழம்பு தலையணைகளை அடுக்கியதுபோல் உருண்டு திரண்டு உறையும். கடலடித் தரையின் பெரும்பகுதி இப்படி உருவானதுதான்.