கோச்சி போகாத கோச்சிப் பாதை

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை ஒரு காலத்தில் சின்னஞ்சிறு ரயில் ஒன்று ஓடியது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டரை அடிதான் இடைவெளி. 1900களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட இந்தப் பாதை 1940களில் மூடப்பட்டது. பின்னர் தண்டவாளங்களையும் கழற்றிவிட்டார்கள். கந்தப்பளை நிலையம் பட்டிப்பொலையை விடவும் உயரத்தில் இருந்தது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

தண்டவாளம் போனாலும் தடம் கிடக்கிறது. சில துண்டுகள் வீதியாகிவிட்டன. சில தேயிலைக்குள் நடைபாதையாக உள்ளன. ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் பாதை மலையை அணைத்தபடி வளைந்து வளைந்து மெதுவாக உயர்கிறது. முழங்கால் வலியுள்ள என் உம்மாகூட என்னுடன் களைப்பின்றி நடந்தார்.

ஆனால் வளைவில் எதிரே வருபவர் தெரியமாட்டார். தோழியர் நால்வர் கைகோத்து வழியை அடைத்துக்கொண்டு போனால், கொழுந்து மூட்டையோடு வரும் பெண் எங்கே ஒதுங்குவார்? ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். சுமையோடு வருபவருக்கே முதலில் வழி. சைக்கிளில் போவோர் வளைவுக்கு முன்னரே மணியடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மலைப்பக்கமாக ஒரு கான் ஓடுவதைக் கவனியுங்கள். மேலிருந்து இறங்கும் மழைநீரைப் பிடித்து, மதகு வழியாகப் பாதையின் அடியால் கடத்துவதற்கு வெட்டியது அது. பிஸ்கட் உறையும் லஞ்ச் ஷீட்டும் மதகை அடைத்தால் நீர் பாதைக்கு மேலால் பாய்ந்து மண்ணை அரித்துச் செல்லும். கீழே யாரோ ஒருவரின் லீக்ஸ் பாத்தி இருக்கும். வளைவைச் சுற்றச் சோம்பி, சரிவில் குறுக்கே இறங்கினாலும் இதே கதிதான்; நம் காற்தடமே அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும்.

கொழுந்து பறிப்பவரைக் கேட்காமல் படமெடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம். முன்பின் தெரியாதவர் நம் முன்னே தொலைபேசியை நீட்டினால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே. பாதை ஒரு வீட்டு முற்றத்தைத் தொட்டுச் சென்றால், "அக்கா, இந்தப் பக்கத்தால போகலாமா?" என்று கேட்டுவிட்டுப் போகலாம். பெரும்பாலும் வழியோடு வெந்நீரும் கிடைக்கும்.

நானுஓயாவில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பதுளைக்குச் செல்லும் பிரதான பாதையில் ரயில் இன்றும் ஓடுகிறது. அந்தத் தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். பழைய தடம் எங்கே பிரிகிறது என்று ஊரவர் ஒருவரிடம் கேட்டு, அங்கிருந்தே நடையைத் தொடங்குங்கள்.