அணையும் நெருப்பா, அணையா நெருப்பா? பட்டர்வொர்த்தில் கண்ணாடி ஊதிப் பிழைக்க ஒரு வழிகாட்டி

கண்ணாடி ஊதுவதைத் தொழிலாக்கிக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எங்கே கற்றுக்கொள்வது என்றுதான். அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் அணைத்துவிடக்கூடிய நெருப்பு உங்களுக்கு வேண்டுமா, இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும் நெருப்பா? பட்டர்வொர்த்திலோ பிறையிலோ ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாளாக நிற்கப் போகிறவருக்கு தூக்கம், கடன், உதவியாள், விற்கும் பொருள் எல்லாமே இதற்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்தவை.

எல்லோர் மனத்திலும் இருப்பது உலைதான். நீண்ட இரும்புக் குழலின் நுனியில் தேன்போல் தொங்கும் உருகிய கண்ணாடியைச் சுழற்றிச் சுழற்றி ஊதும் காட்சி யாரையும் மயக்கும். கலைஞர் ஒருவர் தனக்கென்று உலை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே புதியது. 1962இல் அமெரிக்காவின் டொலீடோ கலை அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பயிற்சிப் பட்டறைகளில்தான் சிறிய உலை ஒன்றில் கண்ணாடி உருக்க முடியும் என்று காட்டினார்கள். அங்கேயும் முதல் உருக்கு சரியாக வரவில்லை. தொழிற்சாலை அனுபவம் கொண்ட டொமினிக் லபீனோ வேறு கண்ணாடியைத் தந்து உதவிய பிறகே ஊத முடிந்தது. அதற்கு முன் கண்ணாடி ஊதுவது பெரும்பாலும் தொழிற்சாலைக் கூட்டத்தின் வேலையாகவே இருந்தது.

உலையின் கணக்கு கடுமையானது. ஊதும் பதத்தில் வைத்திருக்கச் சுமார் 1,100 பாகை செல்சியஸ் வேண்டும். உடைகண்ணாடியைப் போட்டு உருக்கும் இரவில் வெப்பம் அதற்கும் மேலே போக வேண்டும். கண்ணாடியை உருக்கி வைக்கும் மூசை சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும் என்பதால் மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது. ஏற்றவும் இறக்கவும் நாட்கள் ஆகும். ஆகவே ஏற்றிய உலை மாதக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தாலும், தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் கேஸ் செலவு ஓடும். பக்கத்திலேயே மறுசூடு காட்டும் அடுப்பு ஒன்று, செய்த பொருளை மெல்லக் குளிரவைக்கும் அடுப்பு ஒன்று. நம் ஊரில் வெளியே 32 பாகை வெயிலும் கடற்காற்றின் புழுக்கமும் இருக்கும்போது உள்ளே இந்த மூன்றின் முன்னால் நிற்க வேண்டும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பதே உடம்புக்கு ஏற்றது. இன்னொன்று, ஓரளவு பெரிய பாத்திரம் என்றால் தனியாக ஊத முடியாது. கதவைத் திறக்க, கண்ணாடித் துளி கொண்டுவந்து ஒட்ட, வெப்பத்தைத் தடுத்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அவருக்கும் சம்பளம் தர வேண்டும்.

இந்தச் செலவைத் தாங்க ஒரு வழி, ஊதுவதையே காட்சியாக்குவது. லங்காவியில் ஃபைஸி கிரிஸ்டல் கூடம் பயணிகளின் கண்ணெதிரே ஊதிக் காட்டித்தான் அறியப்பட்டது. வாசலில் பயணி நிற்கும் தீவுக்கு அது பொருந்தும். பட்டர்வொர்த்தில் ரயிலிலும் பேருந்திலும் வந்து பினாங்கு சென்ட்ரலில் இறங்கும் பயணி, நேரே ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் போய்விடுகிறார். அவரை நிறுத்த முடியும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கி உலை கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தீவுப் பக்கம் இடமும் கூட்டாளிகள் மூவரும் கிடைத்தால் அது வேறு பேச்சு.

கூட்டாக உழைப்பது இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. இங்கிருந்து வடக்கே, மூடா ஆற்றைத் தாண்டியதும் கெடாவில் இருக்கிறது சுங்கை மாஸ். அங்கே அகழ்ந்தெடுத்த கண்ணாடி மணிகளையும் மூலப்பொருளையும் வைத்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது மணி செய்த ஊர் என்று மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் போன்றோர் நிறுவினர். புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் செழித்த அதே முறை: உருகிய கண்ணாடியைக் குழாயாக நீள இழுத்து, துண்டாக வெட்டி, மீண்டும் சூடாக்கி முனை மழுக்குவது. திருப்பதிக்கருகே பாப்பாநாயுடுபேட்டையில் அந்த முறை நம் காலம்வரை உயிரோடு இருந்ததை அவர் பதிவு செய்தார். அங்கேயும் உலையைச் சுற்றி ஒரு குழுவே நின்றது. பட்டர்வொர்த்தில் கண்ணாடி செய்பவர் யாருமற்ற பாலைவனத்தில் தொடங்குவதாக நினைக்க வேண்டாம். பழைய வரிசை ஒன்றின் கடைசியில் போய் நிற்கிறார், அவ்வளவுதான்.

தனியாளுக்கு நான் முதலில் காட்டுவது டார்ச். மேசைமேல் பொருத்திய சுடர், கேஸும் ஆக்சிஜனும், கையில் கண்ணாடிக் கம்பியும் குழாயும். திருகினால் எரியும், திருகினால் அணையும். உருக்கும் வேலையை யாரோ ஒரு தொழிற்சாலை ஏற்கெனவே செய்துவிட்டது. நீங்கள் உருவம் மட்டும் கொடுக்கிறீர்கள். இதற்கு ஏற்றது போரோசிலிகேட் கண்ணாடி. சூட்டில் அது விரியும் அளவு சாதாரணக் கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், சுடரில் பட்டதும் வெடித்துச் சிதறும் அபாயம் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் உருவாக்கிய கண்ணாடி அது. அவர் பெயரைத் தாங்கிய ஷாட் நிறுவனத்தின் ஆலை நம் பிறையிலேயே இருக்கிறது. ஆலை உங்களுக்குச் சில்லறையாகக் குழாய் விற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆய்வுக்கூடப் பொருள் விற்பவர்களிடம் கேளுங்கள்.

டார்ச்சின் எல்லையும் தெளிவானது. அகன்ற தட்டும் கனத்த சாடியும் வராது. மணி, தொங்கட்டான், பூ, சிறு குப்பி, எண்ணெய் விளக்கு வரும். நம்மவர் வீட்டுக்கு விளக்கு என்றால் வாங்குகிறவர் உண்டு, ஜார்ஜ்டவுனில் ஹின் பஸ் டிப்போ ஞாயிற்றுச் சந்தையில் பயணி கைப்பையில் வைத்துக்கொண்டு போகவும் முடியும். இதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. வேதியியல் கூடங்களுக்கான கண்ணாடிக் கருவிகளைச் செய்வதும் ஒட்டுவதும் இதே சுடர், இதே கண்ணாடி, இதே கைப்பழக்கம். குழாயைச் சரியாக இணைக்கத் தெரிந்தவருக்குக் கலை விற்காத மாதத்திலும் சோறு உண்டு. அந்தத் திறமையைத் தாழ்வாக நினைக்கும் கலைஞரோடு எனக்கு உடன்பாடு இல்லை. நேர்கோட்டில் ஒரு இணைப்புப் போடப் பழகிய கை பிறகு எதையும் செய்யும்.

டார்ச்சைத் தேர்ந்தால் இரண்டு எச்சரிக்கைகள். வெறுங்கண்ணால் சுடரைப் பார்க்கக் கூடாது. சோடியத்தின் மஞ்சள் ஒளியை வடிக்கும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி வேண்டும், புகையை வெளியே இழுக்கும் விசிறி வேண்டும். அடுத்து, வீட்டுச் சமையலுக்கான மானிய கேஸ் தோம்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதில் கட்டுப்பாடுகள் உண்டு. உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளையிலும், உரிமத்துக்குச் செபராங் பிறை மாநகர் மன்றத்திலும், பாதுகாப்புக்குத் தீயணைப்புப் படையிடமும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். தாமான் வீட்டின் பின்கட்டில் ஆக்சிஜன் தோம்பை ஒளித்து வைத்துத் தொடங்குவது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் துரோகம்.

மின்சூளை மூன்றாவது வழி. தட்டைக் கண்ணாடியை அடுக்கி ஒன்றாக உருக்கலாம், அச்சில் வளைக்கலாம். ஊதல் இல்லை, ஆனால் இரவில் தானே இயங்கிக் காலையில் தானே ஆறிக்கிடக்கும். குழந்தை வளர்ப்பவருக்கும் பகலில் வேறு வேலை பார்ப்பவருக்கும் இதுவே நல்லது. வீசியெறியும் போத்தல்களை இதில் பயன்படுத்தலாம் என்ற ஆசை வரும். ஒரே போத்தலின் துண்டுகளை மட்டும் சேருங்கள். விரியும் அளவு வேறான இரு கண்ணாடிகள் ஒட்டினாற்போல் தோன்றி, ஆறும்போது பிளந்துவிடும்.

ஊதாமல் இருக்கவே முடியாது என்பவருக்கு நான்காவது வழி உண்டு: அடுத்தவர் உலையில் நேரம் வாங்குவது. ஆஸ்திரேலியாவில் 2007இல் திறந்த கான்பெரா கிளாஸ்வொர்க்ஸ், அடிலெய்டின் ஜாம்ஃபேக்டரி போன்ற கூடங்கள் கலைஞர்களுக்கு உலையைத் திறந்துவிடுகின்றன. ஆண்டு முழுவதும் இங்கே வரைந்து, டார்ச்சில் சிறு மாதிரி செய்து பார்த்து, ஒரு பயணத்தில் தேர்ந்த குழுவை வைத்து ஊதிக்கொண்டு வரலாம். தன் கையால் ஊதாதது தன் படைப்பாகுமா என்று தயங்க வேண்டாம். டேல் சிஹூலி 1976இல் கார் விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். தோள்பட்டைக் காயத்துக்குப் பிறகு ஊதுவதையே விட்டார். அவருடைய புகழ்பெற்ற பெரும் படைப்புகள் பல, அவர் வரைந்து சொல்ல மற்றவர்கள் ஊதியவை. ஆனால் விமானச் செலவு, பெட்டி கட்டும் செலவு, வழியில் உடைவது எல்லாம் சேரும். முன்பணம் தந்து கேட்பவர் இருந்தால் மட்டும் போங்கள்.

எதைத் தேர்ந்தாலும் தனித்தொழில் செய்பவருக்கு மாதச் சம்பளக்காரரின் பாதுகாப்பு தானாக வராது. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ காப்புறுதி 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருக்கிறது; சுட்டுக்கொள்வதும் வெட்டிக்கொள்வதும் அன்றாடமான தொழிலில் அதைத் தள்ளிப்போட வேண்டாம். இபிஎஃப்-இல் சுயமாகச் சேர்க்கும் ஐ-சாரான் திட்டத்தையும் முதல் விற்பனையிலேயே தொடங்கிவிடுங்கள். கிராஃப்தாங்கான் மலேசியாவிடம் பதிந்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். கோலாலம்பூரில் அவர்கள் நடத்தும் தேசியக் கைவினை நாள் போன்ற சந்தைகள் புதியவருக்குப் பெரிய வாசல்.

கையில் இருக்கும் பணம் ஒன்றை மட்டுமே வாங்கப் போதும் என்றால், பெரிய டார்ச்சை விட்டுவிட்டு, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் சிறிய குளிரவைக்கும் அடுப்பை வாங்குங்கள். போரோசிலிகேட்டுக்குச் சுமார் 560 பாகையில் நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். அப்படிச் செய்யாத விளக்கு உங்கள் மேசையில் அழகாகவே நிற்கும். வாரங்கள் கழித்து வாங்கியவர் வீட்டில், எண்ணெயும் திரியும் எரிந்துகொண்டிருக்கும்போது பிளக்கும்.