பிள்ளையின் தட்டும் ஓர் அமானிதம்

 

நம் பிள்ளைகளின் தொழுகை, ஓதல், பள்ளிப் படிப்பு பற்றியெல்லாம் ஜும்ஆ மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று அவர்களுடைய உடலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிற பிள்ளைகள் நம் மஹல்லாவில் அதிகமாகி வருகிறார்கள். வீட்டில் கேட்டால், "வளர்ற புள்ள ஹஜ்ரத், சாப்பிடட்டும்" என்று பதில் வருகிறது.

உண்ணுங்கள், பருகுங்கள் என்று அனுமதிக்கும் அல்லாஹ், அதே வசனத்தில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறான் (7:31). உணவு ஹலாலா என்று நாம் கேட்கிறோம். அளவு என்ன என்று கேட்பதில்லை. அறுத்த முறை சரியாக இருந்தால் இரண்டு தட்டு பிரியாணியும் சரிதான் என்று நினைத்துக்கொள்கிறோம். மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது இல்லை, முதுகு நிமிரச் சில கவளங்களே போதும், தவிர்க்க முடியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். மிக்தாம் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. இதைப் பெரியவர்களுக்கான உபதேசமாக மட்டும் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டோம்.

நபியவர்கள் அப்படி விலக்குக் கொடுக்கவில்லை. அவர்களுடைய வளர்ப்பில் இருந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமாவின் கை, சாப்பிடும்போது தட்டெங்கும் சுற்றியது. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தன் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிட வேண்டும் என்று அங்கேயே திருத்தினார்கள். கடைசி வரை அப்படியே சாப்பிட்டதாக அவரே சொல்கிறார் (புகாரி). சிறு குழந்தையாக இருந்த பேரர் ஹஸன் (ரலி) ஸதகா பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டபோது, அதைத் துப்பச் சொன்னார்கள். அது ஸதகாப் பொருள் நபியின் குடும்பத்துக்கு ஆகாது என்பதற்காக. நாம் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது, பேரர் மீது அத்தனை பிரியம் வைத்திருந்தவர்கள், "குழந்தைதானே" என்று விட்டுவிடவில்லை என்பதைத்தான்.

நோய் எப்போது தொடங்குகிறது?

மாரடைப்பு ஐம்பது வயதுக்காரர்களின் நோய் என்று நாம் எண்ணியிருக்கிறோம். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்த மருத்துவர்கள் 1953ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அந்த வீரர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதய ரத்தக் குழாய்களில் நோயின் தடயம் இருந்தது. அதன் பிறகு லூசியானா மாநிலத்தின் பொகலுசா என்ற ஊரில் 1970களில் தொடங்கி, பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். விபத்து போன்ற காரணங்களால் இளவயதில் இறந்தவர்களின் ரத்தக் குழாய்களையும் பார்த்தார்கள். உடல் எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை கூடியிருந்த அளவுக்கு உள்ளே படிவும் கூடியிருந்தது. பிள்ளைக்கு வலியே தெரியாது. ஓடுவான், சிரிப்பான், பரீட்சை எழுதுவான். உள்ளே மட்டும் குழாயின் சுவரில் கொழுப்பு படிந்துகொண்டிருக்கும்.

சில பிள்ளைகளின் பின்கழுத்திலும் அக்குளிலும் கறுப்பாக, தடிப்பாக ஒரு பட்டை தெரியும். அழுக்கு என்று நினைத்து உம்மா சோப்பும் நாரும் போட்டுத் தேய்ப்பார். போகாது. எடை கூடிய பிள்ளைக்கு அப்படி இருந்தால், பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. சிலர் கண்ணேறு என்று ஓதிப் பார்க்க அழைத்து வருகிறார்கள். கண்ணேறு உண்மைதான், நானும் ஓதி ஊதுகிறேன். ஆனால் ஓதியதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நபியவர்கள்தாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிறு எடுத்து, பாதியாக மடித்து, வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். (ஹஜ்ரத் கயிறு கட்டச் சொல்கிறார் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம்!) முனைகள் சேரவில்லை என்றால், இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். மருத்துவரைப் பார்க்க அது போதுமான காரணம்.

என்ன கொடுக்கிறோம்?

ஒரு 600 மில்லி கோலா பாட்டிலில் ஏறக்குறைய 60 கிராம் சீனி இருக்கிறது. அதாவது 15 டீஸ்பூன். டீயில் 15 ஸ்பூன் சீனி போட்டுப் பிள்ளைக்குக் கொடுப்போமா? வளர்ந்த மனிதருக்கே ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வலிமாக்களில் பிரியாணிக்குப் பக்கத்திலேயே பாட்டிலும் வைத்துவிட்டோம். ரமளானில் நோன்பு திறக்க வடையும் சமோசாவும், தராவீஹ் முடிந்ததும் பரோட்டா, பிறகு ஸஹர். நோன்பு மாதத்தில் எடை கூடுகிற உம்மத்தாக ஆகிவிட்டோம்!

தூக்கமும் இதில் சேர்ந்தது. இஷாவுக்குப் பிறகு பேசிக்கொண்டிருப்பதை நபியவர்கள் விரும்பவில்லை (புகாரி). நம் பிள்ளைகள் இரவு ஒரு மணி வரை போனில் இருக்கிறார்கள், கூடவே சிப்ஸ். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஃபஜ்ரும் போகிறது, உடலும் போகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது நம் பெண் பிள்ளைகளின் நிலை. பருவம் வந்ததும் சைக்கிளை வாங்கி வைத்துவிடுகிறோம், விளையாட்டை நிறுத்துகிறோம். பள்ளிக்கு வேன், வீட்டில் கட்டில். 17 வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது உடல் அசைய வேண்டும் என்பது பெண்ணுக்கும் சேர்த்துச் சொன்னதுதான். நபியவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். ஒருமுறை அன்னை ஜெயித்தார்கள். பிறகு சதை போட்ட காலத்தில் நபியவர்கள் முந்தினார்கள் என்று அன்னையே சொல்கிறார்கள் (அபூதாவூத்). ஹிஜாப் உடலை மறைக்கச் சொன்னது, முடக்கச் சொல்லவில்லை. மொட்டை மாடி இருக்கிறது, ஃபஜ்ருக்குப் பின் அத்தாவும் உம்மாவும் கூட நடக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "ஹஜ்ரத் உன்னைத்தான் சொன்னார், குண்டா" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். கேலியை அல்லாஹ் தடுத்திருக்கிறான் (49:11). இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைப் பார்த்துச் சிலர் சிரித்தபோது, மீஸானில் அவை உஹது மலையைவிடக் கனமானவை என்று நபியவர்கள் சொன்னார்கள் (அஹ்மத்). மெலிவைச் சொல்லிச் சிரிப்பதும் பருமனைச் சொல்லிச் சிரிப்பதும் ஒன்றுதான். கேலிக்கு ஆளாகும் பிள்ளை ஒளித்து வைத்துச் சாப்பிடும், வெளியே விளையாட வராது. சில பிள்ளைகளுக்கு தைராய்டு, மருந்து, பரம்பரை என்று வேறு காரணமும் இருக்கலாம். பட்டினி போடுவதும் மருந்தல்ல, வளரும் உடலுக்கு அது கேடு. அவனுக்கு மட்டும் தனித் தட்டு வைக்காதீர்கள். வீட்டின் சஹனே மாறட்டும், அத்தாவின் வயிறும் சேர்ந்து குறையட்டும்.

காலம் கடந்துவிட்டதோ என்று யாரும் நிராசை அடைய வேண்டாம். சிறுவயதில் பருமனாக இருந்து, பெரியவரானபோது சரியான எடைக்கு வந்துவிட்டவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த ஆபத்து, என்றுமே பருமனாக இல்லாதவர்களின் அளவுக்கே ஏறக்குறைய இருந்ததை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். திரும்பி வருகிறவனுக்கு உடலிலும் அல்லாஹ் வாசல் வைத்திருக்கிறான்.

நம் மக்தப் பிள்ளைகளுக்குப் பரிசாகவும் தப்ருக்காகவும் சாக்லேட், ஜூஸ் பாக்கெட் கொடுக்கும் சகோதரர்கள் இனி பேரீச்சம்பழமோ கொய்யாவோ வேர்க்கடலையோ தாருங்கள். அஸ்ருக்குப் பின் பள்ளிவாசல் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடினால், சத்தம் என்று விரட்டாதீர்கள். மஃரிப் பாங்கு கேட்டதும் அவர்களே ஸஃப்புக்கு வந்துவிடுவார்கள்.