வாயில்லாப் பிராணிகளின் பேரால் வரும் உண்டியல்

சகோதர வியாபாரிகளின் கவனத்திற்கு ஒரு விஷயத்தைப் பாடமாக எழுத முற்படுகிறோம். சிராங்கூன் ரோட்டிலும் டன்லப் தெருவிலும் பஃப்ளோ ரோட்டிலும் கடை வைத்திருக்கும் நம்மிடம் தர்மம் கேட்டு வருவோர் பல திறத்தினர். பள்ளிவாசல் கட்டடம், அநாதை இல்லம், மருத்துவச் செலவு என்று வருவோரை எடை போட்டுப் பார்க்க நமக்குப் பழக்கம் உண்டு. இப்போது வேறொரு வகையினரும் வருகின்றனர். முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர் என்னும் உள்ளங்கையளவு எலி முதலிய சிறு பிராணிகளைத் தம் வீட்டிலேயே மீட்டு வளர்ப்பதாகச் சொல்லிக் கல்லா மேசைமேல் உண்டியல் வைக்க இடம் கேட்கின்றனர். அல்லது கைப்பேசியில் படம் காட்டி, பேநவ் மூலம் பணம் அனுப்பச் சொல்கின்றனர். இவர்களில் மெய்யானவர் யார், போலி யார் என்று அறிவது எங்ஙனம்?

ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி விஷயந்தானே என்று தள்ளிவிடலாகாது. நம் கடையில் இருக்கும் உண்டியலில் வாடிக்கைக்காரர் காசு போடுவது நம் முகத்தை நம்பித்தான். அது நம்மிடம் விடப்பட்ட அமானிதம். உண்டியல் போலியானால் கெடுவது நம் கடையின் பேர். அதுமட்டுமன்று, போலிக்குப் போகும் ஒவ்வொரு காசும், இராப்பகலாகப் பிராணிகளுக்கு உழைக்கும் மெய்யான ஒருவரின் கைக்குப் போகாமல் தவறிய காசாகும்.

மதரஸாவில் ஓதிய நாளிலேயே நாம் கேட்டறிந்த ஹதீஸ் ஒன்றுண்டு. ஒரு பெண் பூனையை அடைத்து வைத்தாள், தானும் தீனி கொடுக்கவில்லை, அது வெளியே போய் இரை தேடவும் விடவில்லை, அது மாண்டது, அவள் தண்டனைக்குள்ளானாள். அவள் பூனையை அடிக்கவுமில்லை, வெட்டவுமில்லை. அடைத்து வைத்ததால் தன்மேல் விழுந்த பொறுப்பை நிறைவேற்றவில்லை. அதுவே அவள் குற்றம். மீட்பகம் என்று பேர் வைத்துப் பிராணிகளைக் கூண்டில் அடைப்பவருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. ஆகவே, 'இவருக்குப் பிராணிகள்மீது இரக்கம் உண்டா?' என்று மட்டும் பார்த்தால் போதாது. பொறுப்புக்குக் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்குப் பார்ப்பது நமக்குத் தெரிந்த தொழில்தானே!

1. பதிவுப் பத்திரம் எவ்வளவு தூரம் பேசும்?

முதலில் பலரும் கேட்பது, 'பதிவு உண்டா?' என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். சிங்கப்பூரில் அறநிறுவனமாகப் பதிந்தவற்றை அறநிறுவன ஆணையரின் இணையத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். பத்துப் பேருக்குக் குறையாமல் கூடிச் சங்கமாக நடத்தினால் சங்கப் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும். கம்பெனியானால் அக்ராவில் பதிவு எண் இருக்கும். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் சுங்கை தெங்காவில் இயங்குகிறது. முயல்களுக்கென ஹவுஸ் ராபிட் சொசைட்டியும், ஹாம்ஸ்டர்களுக்கென ஹாம்ஸ்டர் சொசைட்டியும் உள்ளன. ஒருவர் இவற்றின் பேரைச் சொல்லி வந்தால், அந்தச் சங்கத்தையே கேட்டு உறுதி செய்துகொள்வது எளிது.

ஆனால் இரண்டு விஷயங்களை மறத்தலாகாது. ஒன்று: தம் வீட்டில் ஐந்தாறு முயல்களை வைத்துப் பராமரிக்கும் தனி ஆள் ஒரு சங்கமல்லர். அவர் பேர் எந்தப் பட்டியலிலும் இராது. அதனால் மட்டும் அவர் போலியாகிவிட மாட்டார்.

மற்றொன்று: பதிவு இருப்பதால் மட்டும் எல்லாம் நேராகிவிடாது. 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் விவகாரம் நீதிமன்றத்தில் வெளியானது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஊரறிந்த, பெரிய, பதிவு பெற்ற நிறுவனம் அது. அதன் தலைமை நிர்வாகியின் ஆண்டுச் சம்பளம் 600,000 வெள்ளி அளவில் இருந்ததும், அவர் அலுவலகக் குளியலறைக்குத் தங்கமுலாம் பூசிய குழாய் வாங்கியதும் அப்போது நீதிமன்றத்தில் பேசப்பட்டன. பத்திரம் அவரை யாரென்று சொல்லும். நடத்தையைக் கணக்குத்தான் சொல்லும்.

உண்டியல் விஷயத்தில் மாத்திரம் சட்டம் கறாரானது. தெருவிலோ வீடு வீடாகவோ பணம் திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதைப் போலீசோ தேசியச் சமூகச் சேவை மன்றமோ வழங்குகின்றன. உண்டியலை நீட்டுபவரிடம் அனுமதியைக் காட்டச் சொல்ல நாம் கூச்சப்படத் தேவையில்லை. காட்ட மறுப்பவருக்கு மேசையில் இடமில்லை.

2. பிராணிக் கணக்கு

கடையில் சரக்கிருப்புக் கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்? எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு கெட்டது என்பது தெரியாது. மீட்பகமும் அவ்விதமே. உயிரைச் சரக்கென்று சொல்லவில்லை. ஆனால் உயிருக்குச் சரக்கைவிடக் கூடுதலான கணக்கு வேண்டாமா? இந்தப் பிராணி எந்தத் தேதியில், யாரிடமிருந்து, என்ன நிலையில் வந்தது. எந்த டாக்டர் பார்த்தார். யாருக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது அல்லது எப்போது இறந்தது என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்க வேண்டும். இறப்பே இல்லை என்பவரை நம்புவதைவிட, 'இந்த வருஷம் நான்கு இறந்தன, காரணம் இது' என்று சொல்பவரை நம்பலாம். ஹாம்ஸ்டரின் ஆயுளே இரண்டு மூன்று வருஷந்தான்.

இங்கே முக்கியமான ஒரு சோதனை உண்டு. சில இடங்களில் மீட்பகம் என்பது வெளிப்பூச்சு. உள்ளே நடப்பது குட்டி வியாபாரம். 'தத்துக் கட்டணம்' என்ற பேரில் விலை வாங்கப்படுகிறது. செல்லப்பிராணி விற்பனைக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டத்துக்குத் தப்ப இப்படியொரு வழி. இதைக் கண்டுபிடிப்பது எப்படி? முயல் சுமார் 31 நாளில் ஈனும். ஈன்ற உடனேயே மறுபடி சினையாகவும் கூடும். ஹாம்ஸ்டருக்கு 16 முதல் 22 நாள் போதும். கினிப் பன்றிக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று முன்பின். ஆகவே, ஆணையும் பெண்ணையும் வந்த அன்றே பிரித்து வைப்பவர் வீட்டில், பிரித்து இரண்டரை மாதமான பிறகு எந்தப் பிராணியும் குட்டி போட வழியில்லை. வருஷம் முழுவதும் அழகழகான குட்டிகளின் படமாகவே வருகிறதென்றால், தாய்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும். சினையாகக் கைவிடப்பட்டவை புதிதாக வருவதுண்டு. மெய்யானவர் அதற்கு ஏட்டில் பதில் வைத்திருப்பார்.

மெய்யான மீட்பகத்தில் கிழட்டுப் பிராணி இருக்கும், ஒற்றைக்கண் பிராணி இருக்கும், யாரும் கேட்காத பிராணி இருக்கும். வியாபாரியிடம் இவை இரா; அவை விலை போகாதவை. இந்த அடையாளம் நமக்கு நன்றாகப் புரியும்.

கருத்தடை அறுவை செய்கிறாரா என்பதும் அவசியம் கேட்க வேண்டியது. முயலுக்கு அதன் செலவு சில நூறு வெள்ளி. அதைச் செலவழித்த பிறகு ஒருவர் வாங்கும் தத்துக் கட்டணம் பெரும்பாலும் செலவுக்கும் குறைவாகவே இருக்கும். டாக்டர் ரசீது ஒன்றுமின்றிக் கட்டணம் மட்டும் உயர்ந்திருந்தால் அது விலையன்றி வேறென்ன?

மேலும், இந்த ஊரில் முயல், ஹாம்ஸ்டர், கினிப் பன்றி, சின்சில்லா முதலியவற்றை வீட்டில் வளர்க்கலாம். முள்ளெலி, சுகர் கிளைடர் போன்றவற்றை வளர்க்க அனுமதியில்லை. அவற்றை 'மீட்டோம், தத்துக் கொடுக்கிறோம்' என்று ஒருவர் விளம்பரம் செய்தால், சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

3. எல்லை தெரிந்தவரா?

எல்லாப் போலியும் மோசடியன்று. நல்ல நிய்யத்தோடு தொடங்கி, 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாமல், பத்து இருபதாகி, இருபது ஐம்பதாகி, கடைசியில் தீனிக்கும் சுத்தத்துக்கும் கை போதாமல் பிராணிகளைத் துன்பத்தில் தள்ளியவர்களும் உண்டு. தேவைக்கு மீறிக் கொள்முதல் செய்து முழுகிப்போன கடைகளை நாம் பார்த்ததில்லையா? ஆகவே, 'அதிகபட்சம் எத்தனை வைத்துக்கொள்வீர்கள்? உங்களுக்கு நோய் வந்தால் யார் பார்ப்பார்?' என்று கேளுங்கள். உடனே எண்ணும் ஆளும் சொல்பவர் பொறுப்பாளி. 'எதையும் கைவிட மாட்டேன்' என்பது காதுக்கு இனிமை. ஆனால் ஆபத்தான பதில்.

அவ்வாறே, தத்துக் கேட்பவரிடம் அவர் என்ன கேட்கிறார் என்றும் கவனியுங்கள். வீட்டார் சம்மதம் உண்டா, கூண்டு எவ்வளவு பெரிது, ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள் என்று துருவிக் கேட்டு, திருப்தியில்லாவிட்டால் மறுப்பவர் மெய்யானவர். கேட்டவருக்கெல்லாம் கொடுப்பவருக்குப் பிராணியை ஒழித்தால் போதும்.

4. இடம்

பார்க்க முடிந்தால் பார்ப்பது நலம். ஆயினும் வீடு என்பது கடையன்று. தனியே வசிக்கும் ஒரு பெண்ணின் வாசலில் போய் நின்று 'காட்டு' என்பது முறையாகாது. நம் வீட்டுப் பெண்கள் நேரம் கேட்டுப் போகலாம். அல்லது கைப்பேசிக் காணொளியில் அந்த நேரத்து நிலையைக் காட்டச் சொல்லலாம். எந்த வழிக்கும் இணங்காதவரைப் பற்றியே சந்தேகிக்க வேண்டும்.

2018ஆம் ஆண்டு இறுதியில், காலிஸ்தான் அவென்யூவில் வாடகை வீடொன்றில் நடந்த பிளாட்டினியம் டாக்ஸ் கிளப் என்னும் காப்பகத்திலிருந்து அதிகாரிகள் 18 நாய்களையும் ஒரு முயலையும் அப்புறப்படுத்த நேர்ந்தது. நடத்தியவருக்குப் பின்னர் நீதிமன்றம் அபராதம் விதித்தது. அது மீட்பகமன்று, காசு வாங்கிப் பிராணிகளைத் தங்கவைத்த இடம். ஆயினும் பாடம் ஒன்றே. விளம்பரத்தை நம்பி விட்டுச் சென்றோர் உள்ளே இருந்த நிலையைக் கண்டதில்லை.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. மூத்திர நெடி கண்ணை எரிக்கிறதா? முயலுக்கும் கினிப் பன்றிக்கும் முன்னால் எப்போதும் காய்ந்த புல் இருக்கிறதா? அதுவே அவற்றின் பிரதான உணவு. அரை நாள், ஒரு நாள் தின்னாமலிருந்தால் முயலின் குடல் நின்றுபோய் உயிருக்கே ஆபத்தாகும். பராமரிப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கினிப் பன்றியின் உடம்பு வைட்டமின் சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது; பச்சைக் காய்கறி கொடுக்கிறாரா என்று கேளுங்கள். பெரிய வகை ஹாம்ஸ்டர் இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும், தனித்தனியே வைத்திருக்கிறாரா? நம் ஊர் வெக்கையில் முயல் துவண்டுவிடும்; காற்றாடி உண்டா? புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனியே வைத்து நோய் பார்க்கிறாரா? இவற்றைக் கேட்டாலே ஆளின் தரம் விளங்கிவிடும்.

5. பணம் கொடுக்கும் விதம்

ஜகாத் இதற்குரியதன்று. அதற்கு எட்டு வகையினர் குறிக்கப்பட்டுள்ளனர். இங்கே அதை வசூலித்துப் பங்கிடுவது முயிஸ். பிராணிகளுக்கு நாம் கொடுப்பது ஸதகா. ஸதகாவையும் அறிந்து கொடுப்பதே அழகு. அறநிறுவன ஆணையர் அலுவலகம் பொதுமக்களுக்குச் சொல்வதும் மூன்றே சொல்: கேள், சரிபார், கொடு.

பேநவ் செய்யும்போது யார் பேர் வருகிறதென்று பாருங்கள். பதிவு பெற்ற சங்கமானால் அதன் பதிவு எண்ணுக்குச் செல்லும், சங்கத்தின் பேர் தெரியும். தனி ஆளின் கைப்பேசி எண்ணுக்குப் போகும் பணம், அவருடைய வீட்டுச் செலவோடு கலக்கும் வாய்ப்புள்ளது. தனி ஆளுக்குக் கொடுக்க விரும்பினால் பணத்தை விட்டுப் பொருளாகக் கொடுங்கள்: காய்ந்த புல், தீனி, கூண்டில் விரிக்கப் பழைய பேப்பர். மருத்துவச் செலவானால் பிராணி மருத்துவமனைக்கே நேரில் கட்டிவிடுங்கள். மெய்யானவர் இதைக் கேட்டு மகிழ்வார். 'ரொக்கந்தான் வேண்டும், இன்றைக்கே வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும்' என்று அவசரப்படுத்துபவரிடம் சற்று நிதானிப்போம்.

6. சந்தேகம் வந்தால்

பிராணிகள் துன்புறுவதாகத் தெரிந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். மோசடி என்று தோன்றினால் 1799 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். பணம் போய்விட்டதென்றால் போலீசில் புகார் செய்யலாம். வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவரின் பேரையும் படத்தையும் போட்டுத் 'திருடர்' என்று எழுதுவது நமக்குத் தகாது. தவறாகப் போனால் அது அவதூறு. சரியாகவே இருந்தாலும் அதிகாரிகள் விசாரிக்குமுன் ஆள் மறைந்துவிட வழியாகும்.

கடையில் குறித்து வைத்துக்கொள்ளத்தக்க கேள்விகளைக் கீழே தருகிறோம்.

உண்டியலுக்கு அனுமதி உண்டா?
இப்போது எத்தனை பிராணிகள்? அதிகபட்சம் எத்தனை?
சென்ற ஆறு மாதத்தில் எத்தனை வந்தன, எத்தனை தத்துப் போயின, எத்தனை இறந்தன?
ஆண் பெண் பிரித்து வைக்கிறீர்களா? கருத்தடை ரசீது உண்டா?
எந்த டாக்டர்? பணத்தை அவரிடமே கட்டலாமா?
உங்களால் முடியாதபோது பொறுப்பேற்பவர் யார்?

இந்த ஆறு கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர், பதிவு இல்லாத எளிய மனிதராயினும், நம் உதவிக்கு உரியவர். பதில் சொல்லாதவர் எவ்வளவு உருக்கமான படம் காட்டினாலும் காத்திருக்கட்டும். வாயில்லாப் பிராணி தனக்காகக் கணக்குக் கேட்க முடியாது. பணம் கொடுக்கும் நாம்தான் அதற்காகக் கேட்க வேண்டும்.