எண்ணப்பட்டவர்களும் விடுபட்டவர்களும்

(வேத ஆராய்ச்சிப் பகுதி)

வாசிக்க வேண்டிய பகுதிகள்: லேவியராகமம் 13, 14; எண்ணாகமம் 12; 2 சாமுவேல் 24; 1 நாளாகமம் 21



நம்முடைய மருத்துவ ஊழியத்தை நெடுங்காலமாய் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவரும் சபைப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "கொரோனா நாட்களில் தினமும் சாயங்காலம் ஓர் எண்ணைச் சொன்னார்கள். ஏறினால் பயந்தோம், இறங்கினால் ஸ்தோத்திரம் சொன்னோம். அந்த எண் மெய்தானா? ஊரடங்கினால் பலன் உண்டானதா? வேதத்தின் வெளிச்சத்தில் இதை எப்படிப் பார்ப்பது?" என்று அதில் கேட்டிருந்தார். ஆறுதல் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஆகையால் இம்மாத ஆராய்ச்சிக்கு இதையே எடுத்துக்கொண்டோம்.

தமிழ்நாட்டில் கொரோனாவினால் நேர்ந்த முதல் மரணம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. அது 2020 மார்ச் 25 அதிகாலை. நாடு முழுவதற்குமான ஊரடங்கு தொடங்கியதும் அதே நாள். ஏப்ரல் 12 அன்று உயிர்த்தெழுந்த திருநாளை ஆலயக் கதவுகள் பூட்டியிருக்க வீட்டுக்குள்ளேயே ஆசரித்தோம். அந்த வருஷம் மீனாட்சி கல்யாணமும் ஜனங்கள் இல்லாமலே நடந்தது; அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மதுரையை அறிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட அமைதி என்று சொல்லத் தேவையில்லை. ஆனையூர்ப் பக்கம் தெருக்களில் ஆள் நடமாட்டம் இராது. சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு மாத்திரம் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும். சுகாதாரத்துறையின் அன்றைய அறிக்கை வரும் நேரம் அது. மாநிலத்தில் இத்தனை பேர், மதுரையில் இத்தனை பேர், மரித்தவர்கள் இத்தனை பேர். அதைக் கேட்டபின்பு அடுப்படிக்குப் போனவர்கள் அநேகர்.

தாவீதின் கணக்கு

ஜனங்களை எண்ணுவதே பாவம் என்று சிலர் போதிப்பதுண்டு. தாவீது இஸ்ரவேலைத் தொகையிட்டான், கொள்ளைநோய் வந்தது, எழுபதினாயிரம் பேர் மடிந்தார்கள் என்பதே அவர்கள் காட்டும் ஆதாரம். ஆனால் சீனாய் வனாந்தரத்தில் ஜனங்களைத் தொகையிடும்படி மோசேக்குக் கட்டளையிட்டவர் கர்த்தர்தாமே. எண்ணுவதில் குற்றமில்லை. எதற்காக எண்ணுகிறோம், எண்ணின தொகையை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

தாவீதின் கணக்கெடுப்பைப் பற்றி நாம் பெரும்பாலும் கவனியாமல் விட்டுவிடும் சில விவரங்கள் உண்டு. அந்த வேலை முடிய ஒன்பது மாதமும் இருபது நாளும் ஆயிற்று. சாமுவேலின் புஸ்தகத்தில் இஸ்ரவேல் எட்டு லட்சம், யூதா ஐந்து லட்சம் என்றிருக்கிறது. நாளாகமத்திலோ இஸ்ரவேல் பதினொரு லட்சம், யூதா நான்கு லட்சத்து எழுபதாயிரம். இதற்கு வேதபண்டிதர்கள் பல விளக்கங்கள் சொல்வார்கள். அதற்குள் இப்போது போகவேண்டாம். அதே நாளாகமத்தில், யோவாப் லேவி கோத்திரத்தையும் பென்யமீன் கோத்திரத்தையும் தொகையிடாமல் விட்டான் என்ற செய்தியும் இருக்கிறது. ராஜாவின் கையில் கொடுக்கப்பட்ட தொகையில் இரண்டு கோத்திரங்கள் இல்லை!

இப்படிக் காலதாமதம், கணக்கு வேறுபாடு, விடுபட்டவர்கள் ஆகிய மூன்றும் அந்தப் பழைய கணக்கெடுப்பிலேயே காணப்படுகின்றன. நாம் சாயங்காலந்தோறும் கேட்ட எண்ணிலும் இவையே இருந்தன.

சாயங்கால எண் எதைச் சொன்னது?

ஒருவருக்குக் கிருமி தொற்றிய பின்பு காய்ச்சலோ இருமலோ தெரிய ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். அவர் இரண்டு நாள் கஷாயம் குடித்துப் பார்ப்பார். பிறகு போய் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி கொடுப்பார். முடிவு வர மேலும் ஓரிரு நாள். ஆகவே இன்று சொன்ன எண், ஒரு வாரம் பத்து நாளுக்கு முன் நடந்த தொற்றின் கணக்கு. மரண எண்ணிக்கை அதற்கும் பின்னால் வரும். 2021-ஆம் ஆண்டு இரண்டாம் அலையில் தமிழ்நாட்டின் தினசரி எண் உச்சத்தைத் தொட்டது மே 21 அன்று, 36,184 பேர். மரணங்கள் உச்சத்தைத் தொட்டதோ மே 30 அன்று, 493 பேர். தொற்று குறைந்துவருகிறது என்று செய்தி வந்த அதே நாட்களில்தான் மயானங்களில் கூட்டம் அதிகமாயிருந்தது. "குறைகிறது என்கிறார்களே, பின் ஏன் இத்தனை சாவு?" என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. இரண்டு செய்தியும் மெய்தான். ஒன்று முந்தியது, மற்றொன்று பிந்தியது.

அடுத்தது பரிசோதனை. நூறு பேரைச் சோதித்துப் பத்துப் பேருக்குத் தொற்று என்றால் எண் பத்து. ஆயிரம் பேரைச் சோதித்து இருபது பேருக்குத் தொற்று என்றால் எண் இருபது. எண் இரட்டித்துவிட்டது, ஆனால் ஊர் எது நல்ல நிலையில் இருக்கிறது? இரண்டாவதுதான். ஆகையால்தான், சோதித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்பதைப் பார்க்க வேண்டும், அது தொடர்ந்து இரண்டு வாரம் ஐந்துக்குக் கீழே இருந்தால் நோய் கட்டுக்குள் இருப்பதாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் சொல்லிற்று. அன்றாட அரசு அறிக்கையில் எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்ற வரியும் இருந்தது. அதை வாசித்தவர்கள் கொஞ்சம்.

எந்தச் சோதனை என்பதும் முக்கியம். 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து துரித பரிசோதனைக் கருவிகள் வந்து இறங்கின. ஒரு சொட்டு இரத்தத்தில் முடிவு தெரியும் என்றபோது எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் முடிவுகள் இடத்துக்கு இடம் முன்னுக்குப்பின் முரணாக வந்தபடியால், ஏப்ரல் 21 அன்று அவற்றை நிறுத்தி வைக்கும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கேட்டுக்கொண்டது. தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்.டி.பி.சி.ஆர். என்னும் சோதனையையே நம்பியிருந்தது. தாமதமானாலும் அது நல்ல தீர்மானம் என்பது எங்கள் எண்ணம்.

விடுபட்டவர்கள் எத்தனை பேர்? இரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் உண்டா என்று பார்த்தால், ஒருவருக்கு முன்பே தொற்று வந்துபோனதா என்று தெரியும். 2020 மே, ஜூன் மாதங்களில் நாடெங்கும் நடந்த அப்படிப்பட்ட முதல் ஆய்வு, கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 82 முதல் 130 பேர் வரை கண்டுபிடிக்கப்படாமல் தொற்றுக்குள்ளாகியிருந்ததாகக் கணித்தது. அதே வருஷக் கடைசியில் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது தெரிந்தது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள்! அப்போது அரசுக் கணக்கில் இருந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் குறைவு.

மரித்தவர்களின் கணக்கும் அப்படியே. 2020 ஜூலை 22 அன்று 444 மரணங்கள் மாநிலக் கணக்கில் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. அவர்கள் அன்று மரித்தவர்கள் அல்லர். முந்தின மாதங்களில் சென்னையில் மரித்து, கணக்கில் சேராமல் போனவர்கள். பிந்தியாவது சேர்த்தார்களே என்று நாங்கள் நினைத்தோம். அதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று சிலர் அதைக் கொண்டே முடிவுகட்டினார்கள். அது சரியல்ல. எண்ணினவர்கள் பொய் சொல்லாமலே எண் குறையக்கூடும்.

ஊரடங்கினால் பலன் உண்டா?

2020 ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி எல்லையிலும், பரவை பேரூராட்சியிலும், மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களிலும் முழு ஊரடங்கு அமலாயிற்று. முதலில் ஜூன் 30 வரை என்றார்கள். பிறகு நீட்டி நீட்டி ஜூலை 14 வரை போனது. ஆனையூர் 2011-லேயே மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட பகுதி. பரவைக் காய்கறிச் சந்தையோ கூப்பிடு தூரம். சந்தையில் சுமை தூக்கப் போகிறவர்கள், சித்தாள் வேலை, கொத்தனார் வேலை, ஆட்டோ என்று அன்றாடம் போய் அன்றாடம் சாப்பிடுகிற ஜனங்கள் அநேகர் இங்கே உண்டு.

அடைத்திருந்த அந்த மூன்று வாரத்திலேயே மதுரையின் தினசரி எண் முந்நூறைத் தாண்டியது. "அடைத்துப் போட்டும் ஏறத்தானே செய்கிறது?" என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். (தேநீர்க் கடைகள் மூடியிருந்தபடியால் இந்த விவாதம் வாசற்படிகளில் நடந்தது.) மேலே சொன்னதை நினைவில் வைத்தால் இது விளங்கும். முதல் வாரத்தின் எண் ஊரடங்குக்கு முந்தின தொற்றின் எண். அன்றியும் அந்த நாட்களில் வார்டு வார்டாகக் காய்ச்சல் முகாம்கள் நடத்திச் சோதனையை அதிகப்படுத்தினார்கள். தேடினார்கள், அகப்பட்டது. ஆகஸ்டில் எண் வெகுவாக இறங்கிற்று.

இறங்கினதெல்லாம் ஊரடங்கினால்தான் என்று சொல்லிவிடவும் எங்களுக்குத் துணிவில்லை. 2021-ல் மே 10 அன்று ஊரடங்கு வந்தது. தளர்வே இல்லாத ஊரடங்கு மே 24 அன்று வந்தது. எண் உச்சத்தைத் தொட்டதோ மே 21. அதாவது, கடுமையான அடைப்பு தொடங்குமுன்பே எண் திரும்பிவிட்டது. மே 10-ஆம் தேதி அடைப்புக்கு அதில் பங்கு இருக்கக்கூடும். ஜனங்கள் தாங்களே பயந்து வீட்டிலிருந்ததற்கும் பங்கு உண்டு. இதைப் பங்கு பிரித்துக் காட்டுவது எளிதல்ல. வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த மூத்த வல்லுநர்களே ஊரடங்கைப் பற்றி அந்நாட்களில் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்கள்; அது குற்றமாகாது.

எங்கள் அனுபவத்தில் ஊரடங்கு கொடுத்தது கால அவகாசம். 2020 மார்ச்சில் மாநிலத்தில் நாளொன்றுக்குச் சில நூறு பேரைத்தான் சோதிக்க முடிந்தது. ஜூன் கடைசியில் முப்பதாயிரம் பேரைச் சோதித்தார்கள். அந்த இடைவெளியில் படுக்கைகளும் பிராணவாயுவும் பாதுகாப்பு உடைகளும் சேர்ந்தன. மருத்துவமனையில் இருப்பவர்கள் இதை லேசாய்ச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த அவகாசத்துக்கு விலை கொடுத்தவர்கள், அடுப்பு எரிய அன்றைய கூலியை நம்பியிருந்தவர்கள்.

ஆசாரியன் செய்ததும் நாம் செய்ததும்

லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் சந்தேகமான வியாதி உள்ளவனை ஆசாரியன் ஏழு நாள் அடைத்து வைக்கிறான். ஏழாம் நாளில் போய்ப் பார்க்கிறான். தெளிவில்லையென்றால் இன்னும் ஏழு நாள், மறுபடியும் பார்க்கிறான். அங்கே சொல்லப்படும் குஷ்டம் இன்று நாம் தொழுநோய் என்று சொல்வதேதான் என்று எண்ணவேண்டியதில்லை. பலவித தோல் வியாதிகளுக்கும் அந்தப் பெயர் இருந்தது. தனிமைப்படுத்தலும் மறுபரிசோதனையும் நமக்குப் புதியவை அல்ல என்பதைத்தான் காட்ட வந்தோம்.

அடுத்த அதிகாரத்தில் வீட்டில் தோஷம் கண்டால் என்ன செய்வது என்று வருகிறது. ஆசாரியன் உள்ளே போய்ப் பார்க்கிறதற்கு முன்னமே வீட்டிலுள்ள சாமான்களை வெளியே எடுத்துவிடச் சொல்லவேண்டும். ஏன்? அவன் பார்த்துத் தீட்டு என்று சொல்லிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தீட்டாகிவிடும். ஏழையின் சட்டிபானையும் பாயும் வீணாய்ப் போகாதபடிக்கு இந்த ஏற்பாடு. சோதனையினாலேயே ஒரு குடும்பம் நஷ்டப்படக்கூடாது என்று கட்டளை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. மிரியாம் ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே அடைக்கப்பட்டிருந்தபோதும் ஜனங்கள் அவளை விட்டுவிட்டுப் பிரயாணம் பண்ணவில்லை. அவளைச் சேர்த்துக்கொள்ளும்வரைக்கும் காத்திருந்தார்கள். அந்த ஏழு நாளை அவள் ஒருத்திமேல் சுமத்தாமல் எல்லாரும் சுமந்தார்கள்.

நம் நாட்களில் என்ன நடந்தது? தொற்று என்று முடிவு வந்தால் பல ஊர்களில் வீட்டுக்கும் தெருவுக்கும் தகரம் அடித்தார்கள். கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். அரசாங்கம் 2020 ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தது, அது உதவிதான். ஆனாலும் பதினான்கு நாள் கூலி இல்லாமல், அக்கம்பக்கத்தார் முகம் கொடாமல் ஒரு குடும்பம் இருக்கவேண்டுமென்றால், காய்ச்சல் வந்தவன் சோதனைக்கு வருவானா? வரமாட்டான். வராதவன் எண்ணில் இல்லை. அவன் வராததினால் எண் இறங்கும். எண் இறங்கினதென்று நாம் ஸ்தோத்திரம் சொல்வோம். அடைபட்ட வீட்டு வாசலில் ஒரு பை அரிசியும் பால் பாக்கெட்டும் வைத்துவிட்டு வந்த வாலிபர்கள் நம் சபைகளிலும் பிற மார்க்கத்தாரிலும் இருந்தார்கள். தகரம் அடித்த தெருவுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்களும் நம்மில் இருந்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொரோனா அவசரநிலை முடிந்ததென்று 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. சாயங்கால எண்ணும் நின்றுபோயிற்று. ஆனால் அந்த நாட்களில் எந்தத் தொலைக்காட்சியும் ஓட்டிக் காட்டாத வேறோர் எண் உண்டு. 2019-ல் இந்தியாவில் கண்டறியப்பட்ட காசநோயாளிகள் 24.04 லட்சம். 2020-ல் 18.05 லட்சம். ஆறு லட்சம் குறைவு! நோய் குறைந்ததா? இல்லை. பஸ் ஓடவில்லை, புறநோயாளர் பிரிவுகள் சுருங்கின, காசநோயைக் கண்டுபிடிக்கும் இயந்திரங்களைக் கொரோனாவுக்குத் திருப்பினார்கள், மதுரைக்குத் தோப்பூரில் உள்ள நெஞ்சக மருத்துவமனையிலும் கொரோனா வார்டு அமைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருமினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். இருமலை முந்தானைக்குள்ளும் துண்டுக்குள்ளும் அடக்கிக்கொண்டு வீட்டிலிருந்தார்கள்.

அப்படி இருந்தவர்களில் ஒருவரை ஆனையூரிலிருந்து அவர் மனைவி எங்களிடம் அழைத்துவந்தார். ஏப்ரலில் தொடங்கிய இருமல். வந்ததோ ஐப்பசி மழை தொடங்கிய பிறகு. ஆள் பாதியாய் இளைத்துப்போயிருந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் அதே அறையில் அவரோடு படுத்திருந்தவர்கள். சளிப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று எங்கள் செவிலியர் எடுத்துச் சொன்னார். அந்த அம்மா குணமாவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "சிஸ்டர், வீட்டுக்குத் தகரம் அடிச்சிருவாங்களா?" என்றுதான் கேட்டார். இல்லையம்மா என்று சொன்ன பிறகு பிள்ளைகள் இருவரையும் மறுநாளே கூட்டிக்கொண்டு வந்தார்.