ஊற்றுக்கண்ணும் கிரயப் பத்திரமும்

இராமநாதபுரம் ஜில்லாவில், கோடைக்காலத்து ஊருணியின் அடியில் குழி பறித்து, அதில் கசியும் கலங்கல் நீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிய வீட்டில் பிறந்தவன், பாறையிடுக்கிலிருந்து தானாகவே பொங்கி வழியும் தண்ணீரைக் கண்டால் எவ்வளவு மயங்கிப்போவான் என்பதை அந்தச் சீமைக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஹூஸ்டன் நகரில் 31 வருஷம் பொறியாளனாக உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற கையோடு, 2016-ஆம் வருஷத்து ஏப்ரலில், சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே, எட்வர்ட்ஸ் பீடபூமியின் விளிம்பில் 640 ஏக்கர் ராஞ்சு ஒன்றை நான் விலைக்கு வாங்கியதற்கு அந்த மயக்கமே பிரதான காரணம். ஒரு சதுர மைல் பரப்புள்ள இத்தகைய நிலத்தை டெக்சாஸ்காரர்கள் ஒரு செக்ஷன் என்பார்கள். ஊற்றில்லாத அயல் நிலங்களைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகவே கிரயம் கொடுத்தேன்.

விளம்பரத்தில், வருஷம் முழுவதும் வற்றாத ஊற்று என்றும், வனவிலங்குகள் நிறைந்தது என்றும் இருந்தது. நான் போய்ப் பார்த்த அன்று இரண்டும் பிரத்தியட்சமாகவே இருந்தன. அந்தப் பீடபூமியில் மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் பிளவுகள் வழியே கீழிறங்கி, நீர் புகாத களிமண் பாங்கான அடுக்கை எட்டியதும், மேற்கொண்டு இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் நகர்ந்து, மலைச்சரிவு வெட்டுப்பட்ட இடத்தில் வெளிப்படுகிறது. அப்படி வெளிப்பட்ட நீர் பெரணிச் செடிகளை நனைத்துக்கொண்டு, சைகமோர் மரங்களின் வேரடியில் ஒரு மடுவாகத் தேங்கி, பின்பு ஓடையாக ஓடிற்று. அந்தி சாயும் வேளையில் மடுவுக்கு நீர் குடிக்க இறங்கிய மந்தையைப் பார்த்து நானும் என் மனைவியும் பேச்சற்று நின்றோம். அவை நம் ஊர்ப் புள்ளிமான்கள். 1930-களில் வேட்டைக்காக அங்கே கொண்டுபோய் விடப்பட்டு, வேலி தாண்டிப் பெருகிய வமிசத்தில் வந்தவை. கடல் கடந்து வந்தவனை வரவேற்க அவை முன்னரே வந்து காத்திருந்தன என்று எனக்குத் தோன்றிற்று.

என் மனைவி மட்டும், மடுவில் கையை நனைத்தபடி, "ஏங்க, இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு அவர்கிட்டக் கேளுங்களேன்" என்றாள். நான் பாறையைக் காட்டினேன். உடன் வந்திருந்த தரகர் புன்னகை செய்தார். அந்த ஒரு கேள்வியை அன்று கேட்காமல் விட்டதுதான் என் ஆயுளில் நான் செய்த தவறுகளில் மிகுந்த நஷ்டம் விளைவித்தது.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அந்த நீர் என் 640 ஏக்கருக்குக் கீழே பிறக்கவில்லை, மேற்கே உயர்ந்திருக்கும் அயலாரின் நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்கும். டெக்சாஸ் ராஜ்யத்தில் நிலத்தடி நீரைப் பற்றிய சட்டம், 1904-ல் டெனிசன் என்னும் ஊரில் ஒரு ரயில்வே கம்பெனி தோண்டிய கிணற்றால் அண்டை வீட்டுக்காரரின் கிணறு வற்றிப்போன வழக்கிலே நிலைபெற்றது. தன் நிலத்தின் கீழுள்ள நீரை ஒருவன் எவ்வளவு வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம், வன்மத்தாலோ வேண்டுமென்று விரயம் செய்தோ அல்லாமல் அதனால் பிறர் கிணறு வற்றினால் அவன் பொறுப்பாளியல்ல என்ற அந்தக் கோட்பாட்டை, ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் 1999-லும் கைவிடவில்லை. பல பகுதிகளில் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மாவட்டங்கள் ஏற்பட்டுச் சில கட்டுப்பாடுகளை விதித்திருப்பது உண்மைதான். ஆனால் பத்து ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், வீட்டுக்கும் கால்நடைக்குமென்று நாளொன்றுக்கு 25,000 கேலன் வரை இறைக்கக்கூடிய கிணற்றுக்கு அனுமதியே வேண்டியதில்லை. மறுபக்கம், ஊற்றுநீர் வெளிப்பட்டு ஓடையாக ஓடத் தொடங்கினால் அது ராஜ்யத்தின் சொத்தாகிவிடுகிறது. வீட்டுக்கும் மாட்டுக்கும் நான் அனுபவிக்கலாமே தவிர, உரியவன் நானல்ல. பூமிக்குக் கீழே இருக்கும்போது அயலானின் கைக்கு எட்டுவதும், மேலே வந்தபின் அரசுக்கு உரியதாவதுமான ஒன்றை, கிரயப் பத்திரத்தில் 'நீருரிமைகள் யாவும் உட்பட' என்றிருந்த வாசகத்தை நம்பி நான் விலை கொடுத்து வாங்கினேன்.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. ஃபோர்ட் ஸ்டாக்டனிலுள்ள கமாஞ்சி ஊற்றுகள் ஒரு காலத்தில் தினம் கோடிக்கணக்கான கேலன் நீரைச் சொரிந்து, குடியானவர்களின் வயல்களை வாழவைத்தவை. மேற்கேயிருந்த நிலச்சுவான்தார்கள் ஆழ்கிணறு வெட்டி இறைத்ததை எதிர்த்து அக்குடியானவர்கள் தொடுத்த வழக்கு 1954-ல் தோற்றது. 1961-க்குள் ஊற்றுகள் ஓய்ந்துவிட்டன. விம்பர்லியில் நீச்சல் பிரியர்களுக்கெல்லாம் தெரிந்த ஜேக்கப்ஸ் வெல் ஊற்றும் 2000-த்தில் ஒரு முறை, 2008-ல் ஒரு முறை நின்றுபோயிற்று. இவையெல்லாம் எவரும் படித்தறியக் கிடைக்கும் செய்திகள். நான் இவற்றைப் படித்தது வாங்கியபின்.

வாங்கிய மறு மாதம், பொறியாளன் பழக்கத்தால், ஐந்து கேலன் வாளியை ஊற்றின் வாயில் பிடித்துக் கணக்கெடுத்தேன். ஆறு விநாடியில் நிறைந்தது. 2018-ன் கோடையில் மேற்கு நிலம் கைமாறி, புதிதாக வந்தவர் எட்டடி உயர வேலியிட்டு, வேட்டைக்கு வரும் விருந்தினரின் கண்ணுக்கு அழகாக இருக்கட்டுமென்று ஓர் ஏரியை வெட்டி, அதை நிரப்ப ஆழ்கிணறுகள் தோண்டினார். அடுத்த கோடையில் அதே வாளி நிறைய நாற்பது விநாடி ஆயிற்று. வழக்கறிஞர் ஒருவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, வழக்குப் போட்டால் வழக்குச் செலவுதான் மிஞ்சும் என்றார். நான் போடவில்லை. அதைக் கோழைத்தனம் என்று பேசிய நண்பர்கள் 1954-ஆம் வருஷத்துத் தீர்ப்பை ஒரு தரம் வாசிக்க வேண்டும்.

என் மைத்துனர் இன்றுவரை, எல்லாம் மழையில்லாததால் வந்தது, அயலார்மேல் பழி போடாதீர்கள், என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். 2018 அக்டோபரில் லானோ ஆறு பெருகிக் கிங்ஸ்லாண்டில் பாலத்தையே அடித்துக்கொண்டு போன மழையை அவர் எந்தக் கணக்கில் சேர்க்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. அந்த மழைக்குப் பிறகுதான் என் வாளி நாற்பது விநாடி எடுத்தது.

ஆகவே நீங்களும், என்னைப்போல் ஓய்வூதியச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வேறு ஊரில் வேலையாகிவிட்டபின் இப்படி ஒரு நிலம் தேடுவீர்களானால், சொல்லுகிறேன். ஊற்றை மழைவருஷத்து வசந்தத்தில் பார்க்கவே பார்க்காதீர்கள். 2015-ன் பெருமழைக்குப் பின் நான் பார்த்தது தவறு. ஆகஸ்டு மாதக் கடைசியில் வாளியும் கடிகாரமுமாகப் போங்கள். கிணறு தோண்டுவோர் சமர்ப்பிக்கும் அறிக்கைகள் டெக்சாஸ் நீர்வள வாரியத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. சுற்றிலுமுள்ள கிணறுகளின் ஆழத்தையும் தேதியையும் அவற்றில் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டு நிலம் யாருடையது, அது விற்பனைக்கு வரப்போகிறதா என்பதைத் தரகரிடம் கேட்காமல் தீவனக் கடையில் கேளுங்கள். நில அளவை, பத்திர வில்லங்கம், பூமிக்கடியிலுள்ள எண்ணெய்க் கனிம உரிமை முன்பே பிரிந்து போயிருக்கிறதா என்பன போன்றவற்றை ஒரு நல்ல வழக்கறிஞர் இரண்டு வாரத்தில் முடித்துத் தருவார்.

விலங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைவால் மான்கள் சட்டப்படி ராஜ்யத்து மக்களுக்குரியவை. எந்தத் தரகரும் அவற்றை உங்களுக்கு விற்க முடியாது. ஆனால் 1995-ல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, விவசாய மதிப்பீடு பெற்ற நிலத்தில் வனவிலங்குப் பராமரிப்பையே உபயோகமாகக் காட்டி, குறைந்த வரியைத் தொடர்ந்து பெறலாம். நீரளித்தல், தீவனம், மண்ணரிப்புத் தடுப்பு, கணக்கெடுப்பு முதலிய ஏழு காரியங்களில் மூன்றைச் செய்தால் போதும். மேலும், சீடர் என்று அவ்வூரார் வெறுக்கும் ஜூனிப்பர் மரங்களைக் கண்டபடி வெட்டித் தள்ளச் சொல்வார்கள், கேட்காதீர்கள். டெக்சாஸைத் தவிர உலகில் வேறெங்கும் கூடு கட்டாத பொற்கன்னக் குருவி, அம்முதிய மரங்களின் பட்டையை உரித்தெடுத்துத்தான் தன் கூட்டை முடைகிறது. என் பள்ளத்தாக்கில் ஒரு முதுமரத்தைக்கூட நான் வெட்டவிடவில்லை. நீர் குறைந்தபின் புள்ளிமான்கள் ஆற்றோரம் போய்விட்டன. அக்குருவிகள் மார்ச்சு மாதந்தோறும் தவறாமல் வருகின்றன.

இப்போது அந்த ராஞ்சை நான் விற்கிறேன். வற்றாத ஊற்று என்று விளம்பரத்தில் போடவேண்டுமென்று புதிய தரகர் வற்புறுத்தினார். நான் மறுத்து, வாங்கிய மறு மாதம் முதல் மாதந்தோறும் வாளி வைத்து எழுதிய கணக்கை முழுவதும் அச்சிடச் செய்தேன். ஆகஸ்டுக்கு முன் ஒருவருக்கும் ஊற்றைக் காட்டுவதில்லை என்றும் சொல்லிவிட்டேன். இருவர் அதுவரை காத்திருக்க முடியாதென்று வேறு நிலம் பார்க்கப் போய்விட்டார்கள். மூன்றாமவர், தம் மனைவியோடு, ஆகஸ்டு கடைசி வாரத்தில் வருவதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். வாளியைக் கழுவி மடுவுக்கருகில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.